ஊற விடும் நேரம்

திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. டயாலிசிஸ் பிரிவின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் முதலில் நிற்பது எடை மெஷின். சித்தப்பா சட்டைப்பையிலிருந்து போன், சில்லறை, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றார். 61.2 என்று காட்டியது.

“மூணு கிலோ இருநூறு ஏறியிருக்கே ஐயா,” என்றார் டெக்னீஷியன், நோட்டில் எழுதியபடி. “ரெண்டு நாளா என்ன சாப்பிட்டீங்க?”

“பேத்திக்குக் காதுகுத்து, தம்பி. அப்பளமும் ஊறுகாயும் கொஞ்சம் கூடப் போயிருச்சு.”

சித்தப்பாவின் ‘டிரை வெயிட்’ 58 கிலோ. உடம்பில் தேங்கிய நீர் எதுவும் இல்லாதபோது அவர் இருக்க வேண்டிய எடை அது. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து இறங்கும்போது அந்த எடையில்தான் இருந்தார். அவருக்குச் சிறுநீர் போவது ஏறக்குறைய நின்றே மூன்று வருடமாகிறது. ஆகவே அந்த 3.2 கிலோவில் சதையும் இல்லை, கொழுப்பும் இல்லை. குடித்த நீர், சோற்றிலும் குழம்பிலும் இருந்த நீர், அதைப் பிடித்து வைத்திருக்கும் உப்பு, அவ்வளவுதான். இரத்தத்தில் உப்பின் செறிவு மாறாமல் இருந்தாக வேண்டும். கூடுதலாக 8 கிராம் உப்பு உள்ளே போய்விட்டால், ஒரு லிட்டர் நீர் குடித்து அதைச் சமன் செய்யும்வரை தாகம் அடங்காது. டயாலிசிஸ் செய்துகொள்பவரிடம் “தண்ணியக் குறைங்க, தண்ணியக் குறைங்க” என்று அதட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். சித்தப்பாவின் மன உறுதியில் குறை ஒன்றுமில்லை. தாகம் அப்பளத்தில் இருந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. 3.2 லிட்டர் நீரை நான்கு மணி நேரத்தில் எடுக்க வேண்டும் என்றால் மணிக்கு 800 மி.லி. அதை 58 கிலோவுக்கு வகுத்தால், ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்குக் கிட்டத்தட்ட 14 மி.லி. வருகிறது. அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை அலசி 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த வேகம் 10-க்குள் இருந்தவர்களைவிட 13-ஐத் தாண்டியவர்களிடையே இறப்பு, அதிலும் இதயத்தால் வரும் இறப்பு, தெளிவாகக் கூடியிருந்ததைக் காட்டியது. சித்தப்பா எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். அதே 3.2 லிட்டரை ஐந்து மணி நேரத்தில் எடுத்தால்? 11. எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகிறார்.

இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம் போதும். போட்டுப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு உங்களுக்கு அஞ்சு மணி நேரம் ஐயா” என்று சொல்ல முடிகிற இடமா, முடியாத இடமா என்பதை வைத்தே ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் தரத்தை நான் அளக்கிறேன். மெஷின்கள் எல்லா ஊரிலும் அநேகமாக ஒன்றுதான். இரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டியான டயலைசரும் சில கம்பெனிகளிடமிருந்தே வருகிறது. வேறுபடுவது நேரமும் கவனிப்பும்.

எடுக்க வேண்டிய நீர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். டயாலிசிஸ் மெஷின் இரத்தத்திலிருந்து மட்டும்தான் நீரை எடுக்க முடியும். சித்தப்பா உடம்பில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ நான்கு லிட்டர். அதில் அணுக்களை நீக்கினால் நீர்ப்பகுதி மூன்று லிட்டருக்கும் குறைவு. எடுக்க வேண்டியதோ 3.2 லிட்டர். இருப்பதைவிட அதிகமாக எடுக்க எப்படி முடிகிறது? தேங்கிய நீரில் பெரும்பகுதி இரத்தக்குழாய்களுக்கு வெளியே, தசைகளின் இண்டு இடுக்குகளிலும் தோலுக்கு அடியிலும் கணுக்காலிலும் நிற்கிறது. இரத்தத்தில் நீர் குறையக் குறைய, அந்த நீர் மெல்லக் கசிந்து குழாய்க்குள் வருகிறது.

கிணற்றில் மோட்டார் போட்டு இறைத்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஊற்று ஊறும் வேகத்துக்கு இறைத்தால் நாள் முழுக்க இறைக்கலாம். ஊற்றை மிஞ்சி இறைத்தால் அரை மணியில் சேறு தெரியும், மோட்டார் காற்றை இழுக்கும். மனித உடம்பில் கிணறு வற்றுவதற்கு அடையாளங்கள் உண்டு. முதலில் கொட்டாவி வரும். பிறகு நெற்றியில் வியர்வை, வயிற்றைப் பிரட்டல், கெண்டைக்கால் முறுக்கி இழுக்கும் குரக்குவலி, கண் இருட்டல். “பி.பி. டவுன் ஆயிடுச்சு” என்று குரல் கேட்டதும் சிஸ்டர் ஓடி வந்து, காலை உயர்த்தி, சலைனைத் திறந்துவிடுவார். எடுத்த நீரில் ஒரு பகுதி திரும்ப உள்ளே போகும். நோயாளிக்கு அது கெட்ட அரை மணி நேரம். இதயத்துக்கு அதைவிட மோசம். இங்கிலாந்தின் டார்பியில் கிறிஸ்டஃபர் மக்கின்டயரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் டயாலிசிஸ் நடக்கும்போதே எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். இரத்த ஓட்டம் குறைந்து, இதயச் சுவரின் சில பகுதிகள் அந்நேரம் சரியாகச் சுருங்காமல் திகைத்து நிற்பதை 2009 வாக்கில் வெளியான கட்டுரைகளில் விவரித்தார்கள். இந்தத் திகைப்பு வாரம் மூன்று முறை, வருடத்துக்கு 150 முறைக்கு மேல் நடந்தால், அந்தச் சுவர் நாளடைவில் வலுவிழக்கிறது.

நல்ல சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. ஒன்றிரண்டு லிட்டர் தவிர மீதி முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. வாரத்தின் 168 மணி நேரமும் ஓய்வில்லாமல் இந்த வேலை நடக்கிறது. அதை 12 மணி நேரத்தில் ஈடுகட்ட முயல்கிறோம். வில்லம் கொல்ஃப் என்ற டச்சு மருத்துவர் 1943-இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தின் காம்பன் என்ற சிறு ஊரில், மரச் சட்டங்களாலான உருளையில் செலோபேன் குழாயைச் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தபோது அவர் நினைத்தது சில நாள் தாங்குதலைத்தான். சிறுநீரகம் தற்காலிகமாக நின்றவரை அது மறுபடி விழிக்கும்வரை காப்பாற்றினால் போதும் என்று நினைத்தார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். 1945-இல்தான் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்து எழுந்தார். நிரந்தரமாகச் சிறுநீரகம் இழந்தவர்களுக்கு வழி திறந்தது 1960-இல், அமெரிக்காவின் சியாட்டிலில். பெல்டிங் ஸ்க்ரிப்னர் கையின் தமனியிலும் சிரையிலும் டெஃப்ளான் குழாயை நிரந்தரமாகப் பொருத்தினார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் 11 வருடம் வாழ்ந்தார். 1962-இல் அங்கேதான் வீட்டிலிருந்து வந்து போகும் நோயாளிகளுக்கான முதல் டயாலிசிஸ் மையமும் தொடங்கியது. படுக்கைகள் மிகக் குறைவு. யாருக்கு இடம் கொடுப்பது என்று ஊர்க்காரர்களைக் கொண்ட ஒரு குழு முடிவு செய்தது. தரத்தைப் பற்றிப் பேச அன்று இடமில்லை, இடத்தைப் பற்றித்தான் பேச்சு. 1973-இல் அமெரிக்க அரசே செலவை ஏற்ற பிறகு கூட்டம் பெருகியது. ஒரு நாற்காலியில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்கு ஒத்தாசையாக, யாரும் திட்டமிடாமலே, ஓர் எண் வந்து சேர்ந்தது.

அந்த எண்ணின் பெயர் கே-டி பை வி. 1981-இல் அமெரிக்காவின் தேசியக் கூட்டு டயாலிசிஸ் ஆய்வு வெளியானது. டயாலிசிஸ் அளவைத் தீர்மானிக்க அந்த ஆய்வு யூரியாவை அளந்தது. அந்தத் தரவுகளை 1985-இல் ஃபிராங்க் காட்ச்சும் ஜான் சார்ஜென்ட்டும் மறுபடி அலசி ஒரு சூத்திரத்தில் அடக்கினார்கள். கே என்பது நிமிடத்துக்கு எத்தனை மி.லி. இரத்தம் யூரியாவிலிருந்து முழுதாகச் சுத்தமாகிறது என்பது. டி என்பது நேரம். வி என்பது உடலிலுள்ள மொத்த நீர். சித்தப்பாவுக்கே போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 200 மி.லி., 240 நிமிடம், ஆகமொத்தம் 48 லிட்டர். அவர் உடம்பில் உள்ள நீர் சுமார் 34 லிட்டர். வகுத்தால் 1.4. குறைந்தது 1.2 வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஆகவே அவர் தேறிவிட்டார்.

பெரிய டயலைசரைப் போட்டு, பம்பை வேகமாக ஓட்டி, கே-யை 267 ஆக்கிவிடலாம். அப்போது 180 நிமிடத்திலேயே அதே 48 லிட்டர் வந்துவிடும். அதே 1.4. தாளில் எந்த மாற்றமும் இல்லை. நாற்காலி ஒரு மணி நேரம் முன்னதாகக் காலியாகிறது. ஆனால் 3.2 லிட்டர் நீரை இப்போது மூன்று மணி நேரத்தில் இழுத்தாக வேண்டும். கிலோவுக்கு மணிக்கு 18 மி.லி. அந்த எண் சூத்திரத்தில் எங்கேயும் இல்லை.

யூரியாவை அளந்ததற்குக் காரணம் அதை அளப்பது எளிது என்பதுதான். அது ஒரு குட்டி மூலக்கூறு, அணுக்களுக்கு உள்ளேயும் வெளியேயும் தாராளமாக ஓடித் திரியும், மெஷினில் சடசடவென்று வெளியேறிவிடும். நோயாளியை வாட்டும் மற்ற கழிவுகள் அப்படி ஓடி வருவதில்லை. எலும்பையும் இரத்தக்குழாயையும் கெடுக்கும் பாஸ்பேட் அணுக்களுக்கு உள்ளே பதுங்கியிருக்கும். இரத்தத்தில் உள்ளதை முதல் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம், மீதி ஊறி வரக் காத்திருக்க வேண்டும். யூரியாவைவிட இருநூறு மடங்கு கனமான பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் இன்னும் மெல்ல நகர்வது. பல வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களுக்கு மணிக்கட்டு நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போவது அதன் படிவால்தான் என்பதை 1985-இல் ஜப்பானின் நீகாட்டா நகர மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். இங்கேயும் அதே கிணறு, அதே ஊற்று.

எண்பதுகளில் அமெரிக்காவில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. பத்தாண்டின் கடைசியில் மற்ற நாட்டுப் பதிவேடுகளுடன் ஒப்பிட்டபோது அங்கே இறப்பு அதிகம் என்பது தெரிந்து மருத்துவர்கள் கலங்கினார்கள். பிறகு பல நாட்டு நிலையங்களை ஒரே முறையில் பின்தொடர்ந்த ஆய்வு 2003-இல் தந்த எண்கள் இவை: ஓராண்டில் இறந்தவர்கள் ஜப்பானில் 6.6 சதவீதம், ஐரோப்பாவில் 15.6, அமெரிக்காவில் 21.7. இந்த வேறுபாடு முழுவதையும் நேரத்தின் தலையில் கட்டக் கூடாது. ஜப்பானில் சிறுநீரக மாற்று சிகிச்சை குறைவு, ஆகவே மற்ற நாடுகளில் மாற்றுக்குப் போயிருக்கும் திடமானவர்கள் அங்கே டயாலிசிஸிலேயே இருக்கிறார்கள். அமெரிக்க நோயாளிகளிடையே நீரிழிவும் இதய நோயும் அதிகம். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் இடைவெளி மூடவில்லை. ஜப்பானியக் கிளினிக்கில் பம்ப் நிமிடத்துக்கு 200 மி.லி. அளவில் நிதானமாக ஓடும். அமெரிக்காவில் அது 400-ஐத் தொடும்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் பிரான்சில் லியோன் நகருக்கு அருகில் உள்ள தஸான். உலகம் முழுவதும் நேரத்தைச் சுருக்கிக்கொண்டிருந்த காலத்திலும் அங்கே பெர்னார் ஷாராவும் சக மருத்துவர்களும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் எட்டு மணி நேரம் என்ற பழைய வழக்கத்தை விடவில்லை. உணவில் உப்பு குறைவு, டயாலிசிஸில் அவசரம் இல்லை. 445 நோயாளிகளைப் பற்றி 1992-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், ஐந்து வருடம் உயிரோடிருந்தவர்கள் 87 சதவீதம், பத்து வருடம் 75, இருபது வருடம் 43. பெரும்பாலோருக்கு இரத்த அழுத்த மாத்திரையே தேவைப்படவில்லை. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை இல்லை அது, ஒரு ஊரின் அனுபவம் மட்டுமே என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் 2002-இல் வெளியான ஹீமோ ஆய்வு, 1,846 அமெரிக்க நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, நேரத்தைப் பெரிதாகக் கூட்டாமல் கே-டி பை வி எண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தது. ஆயுள் கூடவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது, ஓர் எல்லைக்கு மேல் எண்ணைத் துரத்திப் பயனில்லை, ஊறவிட வேண்டும் என்பதே.

எண்ணைத் துரத்திச் சூடுபட்ட இன்னொரு கதை இரத்தசோகை. சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்டின் ஊசி வந்த பிறகு, டயாலிசிஸ் நோயாளியின் இரத்தத்தை எல்லோரையும்போல முழு அளவுக்கு ஏற்றிவிட்டால் நல்லதுதானே என்று நினைத்தார்கள். இதய நோயும் சேர்ந்திருந்தவர்களிடம் அதைச் செய்து பார்த்த சோதனையின் முடிவு 1998-இல் வெளியானது. பலன் இல்லை, ஆபத்து கூடும்போலிருக்கிறது என்று தெரிந்ததும் அதைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

அந்தக் கே-டி பை வி எண்ணைக்கூட நேர்மையாக எடுக்க வேண்டும். டயாலிசிஸ் முடியும் தறுவாயில் பம்பை மெதுவாக்கிவிட்டு, சிறிது பொறுத்து, அதன்பின் இரத்த மாதிரி எடுக்க வேண்டும். அவசரத்தில் பம்ப் முழு வேகத்தில் ஓடும்போதே எடுத்தால், இப்போதுதான் சுத்தமாகி வந்த இரத்தமே சிரிஞ்சில் கலந்து வரலாம். எண் அழகாக இருக்கும். நோயாளிக்கு அரிப்பும் வாய்க்கசப்பும் அப்படியே இருக்கும்.

நீரைப் பற்றிச் சொல்லாமல் தரத்தைப் பேசுவது பாதிப் பேச்சு. டயலைசரில் இரத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நிமிடத்துக்கு 500 மி.லி. கரைசல் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர், வாரத்துக்கு 360. நீங்களும் நானும் வாரத்துக்குக் குடிப்பது பதினைந்து லிட்டர் இருக்கலாம். அதில் ஏதாவது கெடுதல் இருந்தால் தடுக்க குடல் இருக்கிறது, கல்லீரல் இருக்கிறது, சிறுநீரகம் இருக்கிறது. டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவருக்கும் அந்த 120 லிட்டருக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று மட்டும்தான்.

பிரேசிலின் வடகிழக்கில் கருவாரு என்ற ஊர். 1996 பிப்ரவரியில் அங்கே வறட்சி. ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்குத் தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது. முறையாகச் சுத்திகரிக்காத நீர்த்தேக்கத் தண்ணீர். அந்த நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி மண்டியிருந்தது. அந்தப் பாசி மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் சுரக்கும். நிலையத்தில் மணல் வடிகட்டியும் கரி வடிகட்டியும் இருந்தும் நஞ்சு நிற்கவில்லை. சிகிச்சை பெற்ற 131 பேரில் 116 பேருக்குப் பார்வை மங்கி, குமட்டி, வாந்தி எடுத்தது. 100 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் 76 பேர் இறந்துவிட்டார்கள். உயிர் பிழைக்க வாரம் மூன்று நாள் தவறாமல் வந்தவர்கள் அவர்கள். ஒரு நாளும் விடாமல் வந்ததாலேயே நஞ்சும் ஒரு நாளும் விடாமல் ஏறியது.

அதற்கு இருபது வருடம் முன்பே நீர் ஒரு பாடம் கற்பித்திருந்தது. கலங்கிய ஆற்றுத் தண்ணீரைத் தெளியவைக்க நம் வீடுகளில் படிகாரத்தைச் சுழற்றுவார்கள் அல்லவா, நகராட்சிகளும் அதையேதான் பெரிய அளவில் செய்கின்றன. படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. எழுபதுகளில் சில ஊர் டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பேச்சு குழறியது, கை கால் வெட்டி இழுத்தது, நினைவு தப்பியது, எலும்பு நொறுங்கியது. இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் சேர்ந்திருந்ததை டென்வரின் ஆல்ஃப்ரியும் அவருடைய குழுவினரும் 1976-இல் எழுதினார்கள். ஆர்.ஓ. முறை பரவியதும் அந்த நோய் பெரும்பாலும் மறைந்தது. குளோரமின் இன்னும் மறையவில்லை. கிருமியைக் கொல்ல நீரில் சேர்க்கப்படும் இந்தப் பொருளை ஆர்.ஓ. சவ்வு நம்பும்படி நிறுத்தாது, கரித் தொட்டிதான் நிறுத்த வேண்டும். அது தப்பி வந்தால் சிவப்பணுக்கள் உடையும். ஒரு லிட்டரில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் ஒருவர் பின்பக்க அறைக்குப் போய், கரித் தொட்டிக்குப் பின்னால் நீர் பிடித்து, சோதித்து, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஊரே லாரித் தண்ணீரை நம்பி நின்ற நாட்களில் நான் கருவாருவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது மாறும்போது அந்தப் பின்பக்க அறையின் வேலை இரட்டிப்பாகிறது. நோயாளிகள் யாரும் அந்த அறையைப் பார்ப்பதில்லை. அந்த நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது கை. சித்தப்பாவின் இடது முன்கையில் தோலுக்கடியில் கயிறுபோல் தடித்து ஓடுகிறது பிஸ்டுலா. தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்தது. தொட்டால் தேனீக்கூட்டைத் தொட்டதுபோல் அதிர்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிரெஷியா, சிமினோ, ஆப்பெல் ஆகியோர் 1966-இல் அறிவித்த இந்தச் சிறு அறுவை சிகிச்சையைவிடப் பெரிய உதவி எதுவும் டயாலிசிஸுக்கு அதன்பின் வந்ததாக நான் நினைக்கவில்லை. வெளியே குழாய் இல்லை, கிருமி நுழைய நிரந்தர வாசல் இல்லை. ஆனால் அது பழுக்கச் சில வாரம், சிலருக்குச் சில மாதம் ஆகும். சிறுநீரகம் பழுதாவது கடைசி நிமிடத்தில் தெரிந்து ஓடி வருகிறவருக்குக் கழுத்தில் கத்தீட்டர் குழாய்தான் வழி. அதன் முனை இதயத்தின் வாசலில் நிற்கிறது. அமெரிக்காவில் 2017 முதல் 2020 வரை எடுத்த கணக்கின்படி, டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிட 100 மடங்கு. கத்தீட்டர் உள்ளவர்களுக்கே அதில் பெரும் பங்கு.

இங்கே தரம் என்பது விலை மலிவானது, ஆனால் ஓய்வே இல்லாதது. ஒருவரைத் தொட்ட கையுறையைக் கழற்றிக் கைகழுவிவிட்டு அடுத்தவரிடம் போவது. கத்தீட்டர் முனையைக் கிருமிநாசினியால் தேய்த்து, காயும்வரை காத்திருப்பது. ஊசியைப் போன முறை குத்திய துளையிலேயே குத்தாமல் இடம் மாற்றிக் குத்துவது. ஒரே இடம் வலிக்காது என்று நோயாளியே அங்கேயே குத்தச் சொல்லுவார், ஆனால் அந்த இடம் மெலிந்து பலூன்போல் வீங்கும். டயலைசரைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் இடமென்றால், பெயர் எழுதி அவருக்கே போடுவதும், உள்ளளவு பழையதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கி எறிவதும். 1969, 1970-இல் எடின்பரோ மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் ஹெபடைடிஸ் பி பரவி நோயாளிகளும் ஊழியர்களும் இறந்தார்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி மெஷின், மூன்று மாதத்துக்கொரு இரத்தப் பரிசோதனை, தடுப்பூசி என்று இன்று சலிப்போடு பின்பற்றப்படும் விதிகள் அப்படிப்பட்ட சாவுகளிலிருந்து வந்தவை.

ஒரு டெக்னீஷியன் நான்கு படுக்கையைப் பார்த்தால் இவ்வளவையும் செய்ய முடியும். எட்டைப் பார்க்கச் சொன்னால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கை கழுவுவதைத்தான் முதலில் விடுவார், ஏனெனில் அலாரம் காத்திருக்காது. பெரும்பாலான இடங்களில் பணம் ஒரு தடவைக்கு இவ்வளவு என்றுதான் கிடைக்கிறது. காப்பீடானாலும் சரி, கைக்காசானாலும் சரி, நான்காவது மணிக்குப் பின் வரும் ஐந்தாவது மணிக்குக் கொடுப்பார் இல்லை. அமெரிக்க அரசு 2012 முதல் தரம் குறைந்த நிலையங்களுக்கான தொகையில் 2 சதவீதம்வரை பிடிக்கிறது, 2015-இலிருந்து நட்சத்திர மதிப்பும் போடுகிறது. கிருமித்தொற்று, கத்தீட்டர் எண்ணிக்கை, இறப்பு எல்லாம் அந்தக் கணக்கில் வருகின்றன. நம்மூரில் ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவருக்கு அந்த அளவு விவரம்கூடக் கைக்குக் கிடைப்பதில்லை, அது கிடைக்கச் செய்வது அரசின் கடமை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் கரைசல் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அது நாள் முழுக்க மெல்ல ஊறும் முறை. பொருந்துகிறவர்களுக்கு அது இன்னும் அதிகமாகச் சொல்லப்பட வேண்டும்.

சித்தப்பா முதலில் போய்க்கொண்டிருந்த நிலையம் வேறு. நான்கு மணி நேரம் என்று பெயர். ஊசி போடுவது, பிடுங்குவது, அலாரத்தில் நின்றது எல்லாம் போக மூன்றே முக்கால்தான் ஓடும். திங்கட்கிழமைகளில் வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் சாய்ந்தால் ராத்திரிவரை எழுந்திருக்க மாட்டார். அது வியாதியின் களைப்பு என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

திங்கட்கிழமைக்கு ஒரு காரணம் இருக்கிறது. வாரத்துக்கு ஏழு நாள். அதில் மூன்று முறை என்றால் எங்கேயாவது ஓரிடத்தில் இரண்டு நாள் இடைவெளி விழுந்தே தீரும். திங்கள், புதன், வெள்ளி என்று போகிறவருக்கு அது சனி, ஞாயிறு. 2011-இல் ராபர்ட் ஃபோலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 32,065 அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த நீண்ட இடைவெளிக்கு மறுநாள், நூறு நோயாளி-ஆண்டுக்கு 22.1 இறப்பு. மற்ற நாட்களில் 18.0. ஞாயிற்றுக்கிழமை என்பதைச் சிறுநீரகம் அறியாது, அது நிலையத்தின் விடுமுறை. தேங்கிய நீரும் பொட்டாசியமும் உச்சத்தில் இருக்கும் அந்தக் காலையில்தான் மிக அதிகமாகவும் வேகமாகவும் இறைக்கிறோம்.

இப்போது போகும் இடத்தில் திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் அரை மணி முன்னதாகத் தொடங்குகிறது. அன்றைக்கு நிறைய நீர் ஏறி வருகிறவர்களுக்கு ஐந்து மணி நேரம். சித்தப்பா முணுமுணுப்பார். வழக்கமான பஸ் போய்விடும், பதினொன்றேகாலுக்குத்தான் அடுத்தது.

அன்றைக்கு நாலரை மணி நேரம் ஓடியிருக்கும். எதிர்ச் சுவரில் டி.வி., பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மா மகளிடம் போனில் ரசப்பொடி அளவு சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா கொட்டாவி விட்டார். நான் அதைத் தூக்கம் என்று நினைத்தேன். இரண்டு படுக்கைக்கு அப்பால் நின்ற டெக்னீஷியன் திரும்பிப் பார்த்தார். வந்து, பி.பி. பட்டையை அமுக்கி, எண் வருமுன்பே நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்தார். 104 என்று காட்டியது. “பரவாயில்ல ஐயா, நின்னுரும்,” என்று தலையணையைத் தாழ்த்தினார். நின்றது.

ஊசி பிடுங்கிய இடத்தைப் பஞ்சால் பத்து நிமிடம் அழுத்தி, கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, நிற்க வைத்து இன்னொரு முறை பி.பி. பார்த்து, எடை மெஷினுக்கு அனுப்பினார்கள். 58.3.

“முந்நூறு மிச்சம் இருக்கே, தம்பி,” என்றார் சித்தப்பா.

“இருக்கட்டும் ஐயா. புதன்கிழமை எடுத்துக்கலாம்.”